சார்ஜ் ஏறுகிற நேரம்

தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் குடோனுக்கு நான் முதல் முறை போனபோது, அங்கே சூப்பர்வைசராக இருந்த அக்கா என்னைப் பார்த்து, "இரிங்க தம்பி" என்றார். யாரையோ கூப்பிடப் போகிறார், அதுவரை பொறுக்கச் சொல்கிறார் என்று நினைத்து, லேப்டாப் பையைத் தோளில் மாட்டியபடி வாசல் ஓரமாக நின்றேன். மந்தைவெளியிலேயே வளர்ந்தவனுக்கு 'இரு' என்றால் அதுதான் அர்த்தம். அவர் வேன்காரரை அனுப்பிவிட்டுத் திரும்பினார். நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

"இரிங்கன்னு சொல்லுதேன், நட்டமா நின்னுக்கிட்டே இருக்கீங்களே" என்று சொல்லி, காலி பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்து, கையால் தூசியைத் தட்டி என் பக்கம் தள்ளினார்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சலீம் வண்டியில் இருந்தபடியே சிரித்தார். "அவுங்க ஊர்ல இரின்னா உக்காருன்னு அர்த்தம் பாஸ். நீ உக்கார்ற வரிக்கும் ஒரு வார்த்த பேச மாட்டாங்கோ."

உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் பேச்சு ஆரம்பித்தது.

நான் ஃபோர்க்லிஃப்ட்களுக்கு லித்தியம் பேட்டரி விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். விற்பது, பொருத்துவது, கோளாறு என்றால் ஓடிப்போய்ப் பார்ப்பது எல்லாமே நான்தான். முன்னால் நீட்டியிருக்கும் இரண்டு இரும்புக் கரங்களால் சரக்குக் கட்டைத் தூக்கி உயரமான ராக்கில் வைக்கும் வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் குடோனில் அப்படி ஒன்று இருந்தது. அதில் இருந்தது பழைய வகை ஆசிட் பேட்டரி. ஒரு பீரோவைப் படுக்கப் போட்டது போல இருக்கும். காலையில் ஓட்ட ஆரம்பித்தால் மதியம் தாண்டி மூச்சு வாங்கும். அதைச் செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியில் மாட்டித் தூக்கி வெளியே எடுத்து, சார்ஜில் கிடந்த இன்னொன்றை இறக்கிப் பொருத்த வேண்டும். கழற்றியதற்கு இரவெல்லாம் சார்ஜ் ஏற்ற வேண்டும், ஆற விட வேண்டும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும்.

இந்தத் தொல்லை எதுவும் எங்கள் பேட்டரிக்குக் கிடையாது. தண்ணீர் கேட்காது, ஆசிட் நாற்றம் வராது. கழற்றவே வேண்டாம். வண்டி சும்மா நிற்கும் சில நிமிடங்களில் ஒயரை மாட்டினால் போதும், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க ஓடும். ஊரில் பெரிய குடோன்கள் எல்லாம் ஒவ்வொன்றாக இதற்கு மாறிக்கொண்டிருக்கின்றன. முதலாளியிடம் கொடுக்க நான் தயாரித்திருந்த காகிதத்தில், பழைய பேட்டரியை மாற்றும்போது தினமும் வீணாகும் நேரத்தை 'நஷ்டம்' என்ற தலைப்பில் போட்டிருந்தேன்.

அக்கா அதை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, பேட்டரி மாற்றிக்கொண்டிருந்த பக்கம் கையைக் காட்டினார்.

அப்போது மதியம் மூன்று மணி இருக்கும். செயின் பிளாக் கடகடவென்று இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் பேட்டரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மற்ற எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். புடவைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கும் பெண்கள் சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தார்கள். ஒருத்தி இன்னொருத்திக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். சலீம் கண்ணை மூடியிருந்தார். சந்து முனைக் கடையிலிருந்து டீ வந்தது.

"நாங்க டீ குடிக்கிற நேரத்தை நஷ்டம்னு எழுதியிருக்கீங்களே தம்பி" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. ஒரு எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டுவது போலத்தான் சொன்னார்.

"பேட்டரி மாத்துற நேரம்க்கா அது."

"ரெண்டும் ஒண்ணுதான். அந்தப் பேட்டரி ஓயுததனாலதான் இவுகளுக்கு ஓய்வு. உங்க பேட்டரி எப்ப ஓயும்?"

"ஓயாதுக்கா. அதுதான் அதோட விசேஷம்."

அவர் சிரித்தார். "நல்ல சாமானைத்தான் விக்கீங்க" என்று எனக்கும் ஒரு டீ சொன்னார்.

அக்கா திருநெல்வேலிப் பக்கத்து ஊர்க்காரர். முதலாளியும் அந்தப் பக்கம்தான். பள்ளிக்கூடத்தை முடித்ததும் முடிக்காததுமாக இந்தக் கடைக்கு வந்தவர். கடையின் பெண்கள் விடுதியில் தங்கி, புடவைத் தளத்தில் ஆண்டுக்கணக்காக நின்றிருக்கிறார். இதை அவர் ஒரே மூச்சில் சொன்னதில்லை. நான் போகும்போதெல்லாம் ஒவ்வொரு துணுக்காக விழும்.

"உக்காரணும்னா பாத்ரூமுக்குப் போவோம்" என்றார் ஒருநாள், ஏதோ வழி சொல்வது போல. "கதவைச் சாத்திட்டுச் செத்த நேரம் இருந்துட்டு வருவோம். ரொம்ப நேரம் இருந்தா வெளிய நிக்கிறவ தட்டுவா. அவளுக்கும் கால் வலிக்கும்லா."

ஒரு மயிலாப்பூர் மாமியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் மலர்ந்துவிடும். மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்த மாமி, ஸ்டூலில் உட்கார்ந்து புடவை புடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தி, "நீயும் உக்காந்துக்கோயேன்மா. ஒன்ன அண்ணாந்து பாத்துண்டே இருந்து நேக்குக் கழுத்து வலிக்கறது" என்றாராம். தளத்து மேனேஜர் தூரத்தில் முறைத்தார். ஆனால் கேட்டது வாடிக்கையாளர். அக்கா உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அந்த அம்மாவுக்கு எல்லாப் புடவையும் காட்டுனேன். எடுக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சதையும் காட்டுனேன். எந்திரிக்கவே மனசு வரல."

பிறகு காலில் நரம்பு சுருண்டு முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டது. தளத்தில் நிற்க முடியாமல் போனதும் அவரைக் குடோனுக்கு மாற்றினார்கள். முழங்கால் வரை இறுக்கமான காலுறை போட்டிருப்பார். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது அவர் குடோனில்தான் இருந்தார். புடவைத் தளத்தில் நாற்காலிகள் வந்து இறங்கின. ஒரு பெண்ணும் உட்காரவில்லை, பயம். செய்தி கேட்ட அக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேலே ஏறிப்போய், மேனேஜருக்கு நேர் எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, கூட்டத்துக்கு நடுவே தன் டிபன் பாக்ஸைத் திறந்து மடியில் வைத்துச் சாப்பிட்டாராம். இதைச் சொன்னது சலீம். "பொடவ மேல கொயம்பு சிந்திடும்னு அந்தாளு கத்துறான், அக்கா சோத்துல அப்பளத்த நொறுக்கிக்கினு கீறாங்கோ. அடுத்த நாளு ரெண்டு பொண்ணுங்கோ குந்திச்சு. அப்பால எல்லாம் குந்திச்சு."

லித்தியம் பேட்டரி வாங்க முதலாளி சம்மதித்தார். அக்கா அதை எதிர்க்கவே இல்லை. ஆசிட் பட்டு ஒரு பண்டல் வேட்டி ஓட்டை ஓட்டையாகப் போனதைப் பார்த்தவர். சார்ஜ் போடும் மூலையில் வேலை செய்யும் பெண்கள் இருமுவது அவருக்குப் பிடிக்காது. பொருத்துகிற நாளில் பக்கத்திலேயே இருந்து பார்த்தார். புதிய பேட்டரி எடை குறைவு. பின்பக்கம் பாரம் குறைந்தால், முன்னால் சரக்கைத் தூக்கும்போது வண்டி குப்புறச் சாய்ந்துவிடும். அதனால் இரும்புப் பலகைகளை வைத்து எடையைச் சரிக்கட்டினோம்.

"எளைச்சதுன்னு வாங்கிட்டுத் திரும்பக் கல்லைக் கட்டுதீங்களே" என்று கிண்டல் செய்தார். சரிந்துவிடும் என்று விளக்கியதும், "அப்ப இன்னும் ரெண்டு பலகை போடுங்க" என்றார்.

அந்தப் பேட்டரியில் இன்னொரு வசதி உண்டு. எவ்வளவு ஓடியது, எவ்வளவு நேரம் நின்றது என்பதெல்லாம் செல்போனிலேயே தெரியும். ஓடும் நேரம் பச்சைக் கோடு, நிற்கும் நேரம் சிவப்புக் கோடு. முதலாளியின் மகனுக்கு அதைப் போட்டுக் கொடுத்தது நான்தான். எல்லோரும் அவரைச் சின்னவர் என்பார்கள். படித்துவிட்டு வந்து கடையைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார். கெட்டவர் இல்லை. சிவப்பு நிறத்தைப் பார்த்தால் அவருக்கு ஆறாது, அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முன்னால் சரக்கு குவிந்தது. பகலில் தி.நகருக்குள் லாரி நுழைய முடியாது என்பதால் விடிவதற்குள் இறக்கி முடிக்க வேண்டும். பிறகு நாள் முழுக்க ராக்கில் ஏற்றுவது, இறக்குவது, கடைக்கு அனுப்புவது. முன்பெல்லாம் சீசனில் இரண்டு டிரைவர்கள் இருப்பார்கள். பேட்டரி மாற்றும் வேலை இல்லையே என்று அந்த ஆண்டு இரண்டாம் டிரைவரைப் புரசைவாக்கம் கிளைக்கு அனுப்பிவிட்டார் சின்னவர். வண்டி சார்ஜில் நிற்கும் சில நிமிடங்களில் சலீம் பெட்டி அடுக்கவும் உதவ வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. ஒயரை மாட்டியதும் சலீமைப் பார்த்து, "இரி" என்பார். குடோனில் கேமரா உண்டு. ஒருநாள் நான் அங்கே இருந்தபோதே அவருடைய செல்போன் அடித்தது. எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"வண்டி ஏன் நிக்குது?" சின்னவரின் குரல்.

"சார்ஜ் ஏறுது தம்பி."

"அது ஏறட்டும். அவன் ஏன் உக்காந்திருக்கான்?"

"அவனுக்கும் ஏறுது."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. பெட்டி அடுக்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அது நின்றுபோனது. அந்தச் சிவப்புக் கோடு நான் கொடுத்த வசதி என்ற நினைப்பு கூடவே வந்தது.

காலைக் காட்டுவதற்காக அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு நாளில்தான் அது நடந்தது. மதியத்துக்கு மேல் சின்னவர் என்னைக் கூப்பிட்டார். "உங்க பேட்டரி மக்கர் பண்ணிடுச்சு. உடனே வாங்க."

போனேன். ஒரு ராக்கின் கால் வளைந்து, மேல் தட்டிலிருந்த பெட்டிகள் எல்லாம் தரையில் கிடந்தன. பெட்டி கட்டும் செல்வி ஓரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பெட்டி ஒன்று பாதத்தில் விழுந்து விரல் வீங்கியிருந்தது. அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டடி தள்ளி நின்றிருந்தால் தலையில் விழுந்திருக்கும். சலீம் வண்டியை விட்டு இறங்கி, எதையும் தொடாமல், கைகளைத் தொங்கவிட்டு நின்றிருந்தார்.

லேப்டாப்பை மாட்டிப் பார்த்தேன். பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. விடிகாலையிலிருந்து வண்டி ஓடியிருந்தது. இடையில் பலமுறை சார்ஜில் போட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் போட்ட வேகத்தில் பிடுங்கியிருக்கிறார்கள். திரை முழுக்கப் பச்சை. சின்னவர் ஆசைப்பட்ட மாதிரியே இருந்தது.

"இன்னா ஆச்சு?" என்று சலீமை மெதுவாகக் கேட்டேன்.

"கண்ணு சொருகிச்சு பாஸ். ஒரே ஒரு செகண்டு. தெறந்து பாத்தா ராக்கு மேல கீறேன்." வளைந்த ராக்கைப் பார்த்தபடியே சொன்னார். "வேலய விட்டுத் தூக்கிடுவாங்கோ."

மறுநாள் காலை முதலாளி அக்காவையும் என்னையும் கூப்பிட்டார். கடையின் மேல்மாடியில் அவருடைய சிறிய அறை. வயதானவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. சின்னவர் பக்கத்தில் நின்றார். அக்கா காலில் புதிதாகக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கடைசிப் படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறியதை நான் பார்த்தேன்.

"பேட்டரில தப்பு உண்டுமா?" அண்ணாச்சி என்னைக் கேட்டார்.

"இல்லீங்க அண்ணாச்சி."

"அப்ப டிரைவர் தூங்கிட்டான்" என்றார் சின்னவர். "வேற ஆள் பாத்துருவோம்பா."

"தூங்குனது அவன் தப்புதான்" என்றார் அக்கா. "நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அண்ணாச்சி, வேற ஆள் வந்தாலும் அவனுக்கும் ரெண்டு கண்ணுதான் இருக்கும்."

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒயரு மாட்டியிருக்கும்போது வண்டி நகராதுன்னு சொன்னீங்கல்லா?"

"ஆமாக்கா."

"மாட்டுனா கொஞ்ச நேரத்துக்கு, புடுங்கினாலும் நகராதபடி வைக்க முடியுமா?"

நான் விழித்தேன். முடியும். பேட்டரியின் மென்பொருளில் ஒரு சின்ன மாற்றம்தான். ஒருமுறை சார்ஜில் போட்டால் குறிப்பிட்ட நேரம் ஆகும் வரை வண்டிக்கு மின்சாரம் விடாமல் தடுக்கலாம். ஆனால் அதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. எந்த நேரத்திலும் பிடுங்கி ஓட்டலாம் என்று சொல்லித்தானே நாங்கள் விற்கிறோம்!

"முடியும்" என்றேன். "அவசரத்துக்கு ஒரு சாவி இருக்கும். அதைப் போட்டா மட்டும் நகரும்."

சின்னவர் சிரித்துவிட்டார். "அப்புறம் எதுக்குப்பா இவ்வளவு செலவு பண்ணி லித்தியம்? பழசையே வச்சிருக்கலாமே."

"ஆசிட் இல்ல, நாத்தம் இல்ல, செயின் இழுக்க வேண்டாம். அதெல்லாம் லாபம்தான் தம்பி" என்றார் அக்கா. "இது ஒண்ணை மட்டும் பழசு மாதிரி வச்சுக்கிடுவோம்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். "அந்தப் பழைய பேட்டரிய மாத்துறதுக்கு எவ்வளவு நேரம் ஆவும்?"

"அரை மணி ஆவும் அண்ணாச்சி."

"அதுல பாதி வச்சுக்கோ."

"செயினு இழுத்தவுகளுக்கும் அதுலதான் டீ. முக்கால்வாசியாவது குடுங்க."

"முக்கால் ஜாஸ்தி."

"தீபாவளிக்கு மட்டும் முக்கால். பொங்கல் கழிஞ்சு பேசிக்கிடுவோம்."

புடவைத் தளத்தில் இத்தனை ஆண்டுகள் அவர் வாடிக்கையாளர்களிடம் எப்படிப் பேசியிருப்பார் என்பதை அன்றுதான் காதால் கேட்டேன். அண்ணாச்சிக்கும் அது புரிந்திருக்க வேண்டும். உதடு லேசாக விரிந்தது. அவரும் கல்லாவுக்கு வருவதற்கு முன்னால் கவுன்டரில் நின்றவர்தானே. "சரி, வச்சுக்கோ. சாவி உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

"சலீம்?"

"இருக்கட்டும். அந்தப் பிள்ளையோட ஆஸ்பத்திரிச் செலவ கடையில போட்டுக்க." பிறகு மகனைப் பார்த்தார். "புரசைவாக்கத்துக்குப் போனவனத் திரும்ப வரச் சொல்லு."

சின்னவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அன்று மாலையே அந்த டிரைவர் வந்துவிட்டார்.

நான் மென்பொருளை மாற்றினேன். முதல் முறை ஒயரை மாட்டியதும் சலீம் பழக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியை எடுக்கப் போனார். அக்கா அந்தப் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்துவிட்டு, வேறு பக்கம் போய்விட்டார். சலீம் கொஞ்ச நேரம் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். பிறகு வண்டியின் நிழலில் சாய்ந்தார்.

பொங்கல் கழிந்து யாரும் எதுவும் பேசவில்லை. அந்த முக்கால்வாசி நேரம் அப்படியே நிலைத்துவிட்டது. செல்வி விரல் கூடி வேலைக்கு வந்தாள். அக்காவுக்குத்தான் கால் ரொம்ப மோசமாகி ஆபரேஷன் செய்தார்கள். வேலையை விட்டுவிட்டு நங்கநல்லூரில் தங்கை வீட்டோடு போய்விட்டார். நலம் விசாரிக்க ஒருமுறை போன் செய்தேன்.

"டாக்டர் என்ன சொல்லுதார் தெரியுமா தம்பி? ஒரே இடத்துல இருக்கவே கூடாதாம். நடந்துக்கிட்டே கெடக்கணுமாம்." அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. "காலையில ஆஞ்சநேயர் கோயில் வரைக்கும் நடக்குதேன். நல்லா இருக்கு. வேணுங்கிறப்ப நடக்கிறது நல்லாத்தான் இருக்கு."

அதற்குப் பிறகு பேசவில்லை. நான் இன்னும் அதே வேலைதான் செய்கிறேன். இப்போது பேட்டரியை விலைக்கு வாங்காமல் மாத வாடகைக்கு எடுக்கும் முறை வந்திருக்கிறது. சோடியம் பேட்டரி வரப்போகிறது, இன்னும் மலிவாக இருக்கும் என்கிறார்கள். டிரைவரே இல்லாமல் ஓடும் வண்டிக்கும் ஒரு இடத்தில் விலை கேட்டிருக்கிறார்கள்.

போன மாதம் அடையாறில் ஒரு சூப்பர் மார்க்கெட் குடோனில் பேட்டரி பொருத்திக்கொண்டிருந்தேன். வண்டி ஓட்டுபவர் தாடி நரைத்த மனிதர். நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குனிந்து கேட்டார்.

"அண்ணே, தி.நகர்ல ஒரு குடோன்ல, சார்ஜ்ல போட்டா கொஞ்ச நேரம் வண்டி நகராதாமே. நெசமா?"

"யார் சொன்னது?"

"வண்டி ஓட்றவன் எல்லாருக்கும் தெரியும்ணே. இங்கயும் அத்தப் போட்டுக் குடேன்."

"நானாப் போட முடியாதுங்க. உங்க மேனேஜர் சொல்லணும். அவர்கிட்ட கேளுங்களேன்."

அவர் நிமிர்ந்து, மாடியில் இருந்த ஆபீஸ் அறையைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் மேனேஜர் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"கேக்குறதுக்கு இங்க அந்த அக்கா மாரி யாரும் இல்லண்ணே" என்றார்.

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். மேனேஜர் போனை வைக்கும் வரை கதவுக்கு வெளியே நின்று, என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.